மாமாவுக்குக் கட்டில் போட்ட பஸ்

போன மாதம் நோபல் பார்க்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் உங்களில் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரே கரைச்சல். பிள்ளைகள் தங்கள் தங்கள் வழியில் போய்விட்டார்கள், வேலையை விட்டதும் ஆளுக்கொரு காரவன் வாங்கிக்கொண்டு பாலைவனப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றலாம், நீயும் வாவன் என்று கேட்டீர்கள். "அந்தப் பக்கம் ஒருக்காப் போனதே எனக்கு இந்தச் சென்மத்துக்குக் காணும்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டு ரோல்ஸைக் கடித்தேன். பாட்டுச் சத்தத்துக்குள் சொல்லக்கூடிய கதையா அது? இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு மெல்பேர்னில், டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு நாள் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடமிருந்து பழைய பாடசாலை பஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. "ஊர் உலகத்திலை ஆக்கள் கார் வாங்குவினம். இந்த மனிசன் பஸ் வாங்கிக்கொண்டு வந்து நிக்குது" என்று அம்மா தலையில் கை வைத்தார். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வார இறுதி முழுவதும் பஸ்ஸுக்குள்தான். சீற்றுகளைக் கழற்றினார், பலகை அடித்தார், காஸ் அடுப்புப் பூட்டினார். சீற்றுகளுக்கு அடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒட்டிவைத்த சுவிங்கத்தைக் கரண்டியால் சுரண்டுவது அண்ணாவுக்கும் எனக்கும் தந்த வேலை. அம்மா வாயால் புறுபுறுத்தபடியே தன்னுடைய பழைய நைலெக்ஸ் சேலைகளை வெட்டி யன்னல்களுக்குத் திரை தைத்தார். வெயில் பட்டால் பஸ்ஸுக்குள் ஊதாவும் மஞ்சளுமாக இருக்கும். டீசல் மணமும் மிளகாய்த்தூள் மணமும் கலந்து ஒரு மணம் வரும். இப்போதும் பெற்றோல் நிலையத்தில் நிற்கும்போது மிளகாய்த்தூளைத் தேடி என் மூக்கு அலைகிறது.

பின்பக்கம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு பெரிய கட்டில். பக்கத்துக்கொன்றாக அண்ணாவுக்கும் எனக்கும். அதுபோக, கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் அடித்தார் அப்பா. அது மாமாவுக்கு.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளை. அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்பில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவரை இங்கே கூப்பிட அலுவல்கள் நடந்துகொண்டிருந்தன. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று விசாவுக்குக் காத்திருந்தோம். மாமா வந்ததும் எல்லாரும் பஸ்ஸில் ஏறி நாட்டின் நடுவிலே இருக்கும் பெரிய சிவப்புக் கல்மலை வரைக்கும் போவது என்று திட்டம். மாமா நெடுத்த ஆள் என்று அம்மா சொன்னதற்காக அப்பா அந்தக் கட்டிலை ஒரு முழம் நீட்டி அடித்தார். அம்மா அதற்கு நீலக்கோடு போட்ட புதுப் பருத்தி விரிப்பு ஒன்று வாங்கி விரித்து, தலையணையும் வைத்தார். எங்களை அதில் ஏறி உருள விடமாட்டார்.

மார்கழி மாதம் ஒரு பின்னேரம் ஊரிலிருந்து ரெலிபோன் வந்தது. அம்மா கிளினிக்குக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய், அம்மா ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்தவர். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அப்பா செய்தது உங்களுக்கு விளங்காது.

ஷெல் விழுந்து மாமா செத்துப்போனார். அதுதான் செய்தி.

பிள்ளைத்தாச்சிக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்தானே. அப்பாவும் நாலைந்து பெரியவர்களும் பஸ்ஸுக்குள் இருந்து கதைத்து, பிள்ளை பிறந்தபிறகுதான் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். முடிவெடுப்பது இலேசு. மெல்பேர்னில் அப்போது தமிழர் ஒரு கைப்பிடி. கடையிலோ கோயிலிலோ யாராவது ஒரு அன்ரி அம்மாவைக் கண்டதும் "ஐயோ என்ரை பிள்ளை" என்று கட்டிப்பிடித்து விட்டால் கதை முடிந்தது. வாயை மூடி வைத்திருக்க எங்கள் சனத்தால் முடியுமா? அப்பா பார்த்தார். தமிழ்ச் சனமே இல்லாத இடத்துக்கு அம்மாவைக் கொண்டுபோய்விடுவது என்று தீர்மானித்தார். தொழிற்சாலை பூட்டுகிற விடுமுறையும் வந்தது.

"தம்பி வந்தாப்பிறகு எண்டுதானே சொன்னனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"அவன் வந்தா இன்னொருக்காப் போவம். இப்ப வெளிக்கிடும்" என்றார் அப்பா.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அண்ணாவுக்கு மட்டும் அப்பா சொல்லியிருந்தார். எனக்கு வாயில் பூட்டு இல்லை என்று அவர் நினைத்தார். எல்லாருடைய பயணமும் கோயிலில் தேங்காய் உடைத்துத்தான் தொடங்கும், எங்களுடையது அப்படித் தொடங்கவில்லை. "கோயில் பூட்டியிருக்கும்" என்று அப்பா பொய் சொன்னார். சாவுத் துடக்கோடு எப்படிக் கோயிலுக்குப் போவது? அம்மா சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க, அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு பஸ்ஸை எடுத்தார்.

கொழுத்தும் கோடையில், குளிரூட்டி இல்லாத பஸ்ஸில், பிள்ளைத்தாச்சி ஒருத்தியைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோன மனிதரைப் பற்றி இன்றைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? நானே எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். அடிலெயிட் தாண்டி, போர்ட் ஓகஸ்டா தாண்டி வடக்கே திரும்பியதும் மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. பிறகு மரமே இல்லை. சிவந்த மண்ணும், சாம்பல் நிறப் பற்றைகளும், நேரே ஓடும் ரோட்டும்தான். ஈயும் இலையானும் மூக்குக்குள்ளும் கண்ணுக்குள்ளும் புகுந்தன. திரைகளை நனைத்துக் கட்டுவோம். கட்டி முடிய முதலே காய்ந்துவிடும். ஆனால் அம்மா, நம்புங்கள், சந்தோசமாக இருந்தார். காலை நீட்டிக்கொண்டு வயிற்றைத் தடவியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஜாம் போத்தலில் சிவப்பு மண் அள்ளி வைத்தார். "தம்பிக்குக் காட்டவேணும். இப்பிடி ஒரு மண் இருக்கெண்டு சொன்னா நம்பமாட்டான்" என்பார். கங்காருவைக் கண்டால் தம்பி, ஒட்டகத்தைக் கண்டால் தம்பி. அப்பா ஒவ்வொரு தரமும் "ஓம், ஓம்" என்று ரோட்டைப் பார்த்தபடி சொல்வார்.

அப்பா மச்சம் சாப்பிடாமல் விட்டதையும் அம்மா கவனித்தார். ஆட்டிறைச்சி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது என்று இருந்த மனிதர், வழியெல்லாம் பாணும் பருப்பும் வாழைப்பழமும்தான். கேட்டால் "வெக்கைக்கு ஒத்துவராது" என்பார்.

அந்த பஸ்ஸுக்கு ஒரு வருத்தம் இருந்தது. எஞ்சினை நிறுத்தினால் பிறகு இலேசில் ஸ்ராட் வராது. ஆகவே வழியில் நிறுத்தினால் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். அம்மாவுக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டும். அந்த வெளியில் ஒரு மறைப்புக் கிடையாது. அம்மா ஒரு துவாயை என்னிடம் தந்து கூட்டிக்கொண்டு போவார். நான் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பேன். கொஞ்சம் பிந்தினால் அப்பா ஹோர்ன் அடிப்பார். பாம் பாம் என்று இரண்டு தரம். "உங்கடை அம்மா பாலைவனத்திலை பயிருக்குத் தண்ணி விடுறா" என்று அண்ணாவுக்குச் சொல்லிச் சிரிப்பார். அம்மா ஏறி வந்து அவர் தோளில் ஒரு குத்துக் குத்துவார். எங்கள் வீட்டில் இப்படி விளையாட்டு நடந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு வாரம்தான்.

பிறகு அம்மாவின் கால்கள் வீங்கின. தலை சுற்றுகிறது என்றார். வழியில் ஒரு சின்ன ஊர். ஒரு பெற்றோல் நிலையம், ஒரு பியர்க்கடை, ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அப்பா பதறிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். கதவைத் திறந்துகொண்டு வந்த டொக்டர் எங்களைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்து, "அட, நீங்கள் தமிழோ?" என்றார்.

இந்த நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அங்கே ஒரு தமிழ் டொக்டர் இருப்பார் என்பதை அப்பா யோசிக்கவில்லை. அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

"ஊரிலை எவடம்?" என்றார் டொக்டர்.

"கொழும்பு" என்றார் அப்பா.

அம்மா வாயைப் பிளந்துகொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"சும்மா விடுங்கோ. உங்கடை கதையிலை பருத்தித்துறை மணக்குது" என்று டொக்டர் பெரிதாகச் சிரித்தார். அம்மாவைப் பரிசோதித்தார். பயப்பட ஒன்றும் இல்லை, வெயில்தான், இரண்டு நாள் படுத்து எழும்பட்டும் என்றார். "தமிழ் முகம் கண்டு எத்தினை மாதம்! சாப்பிடாமல் போகேலாது. மனிசி என்னைக் கொன்றுபோடுவா." அப்பா எத்தனையோ சாட்டுச் சொன்னார். ஒன்றும் எடுபடவில்லை.

டொக்டர் வீட்டில் அப்பா அம்மாவின் நிழல் மாதிரித் திரிந்தார். டொக்டரின் மனைவி குசினிக்குள் கூப்பிட்டால் அவரும் பின்னால் போனார். "உங்களுக்கு என்ன குசினிக்குள்ளை வேலை? வாங்கோ, என்ரை முருங்கையைக் காட்டுறன். இந்த மண்ணிலை முளைச்சிருக்கு" என்று டொக்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். அண்ணாவும் போனான். குசினியில் கதிரையைப் போட்டு அம்மா இருந்தார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டொக்டரின் மனைவி, நல்ல கலகலப்பான அன்ரி, கறியைக் கிளறியபடி கதைத்தார். எங்கள் ஆட்கள் சந்தித்தால் வேறு என்ன கதைப்பார்கள்? எந்த ஊர், எந்தப் பக்கம், யாருடைய ஆட்கள். அம்மா ஊரைச் சொன்னார், வாசிகசாலைக்குப் பின்பக்கம் என்றார்.

"வாசிகசாலையடியோ? ஐயோ, அங்கையெல்லே போன மாதம் ஷெல் விழுந்தது. என்ரை தங்கச்சியின்ரை மகள் ரெலிபோனிலை ஒரே அழுகை. அவளின்ரை கணக்கு மாஸ்டர் அதிலை செத்துப்போட்டாராம். நெடுத்த பெடியன், நல்ல பெடியனாம். உங்களுக்குத் தெரியுமோ?"

அம்மா சேலைத்தலைப்பை இழுத்து வயிற்றின்மேல் போட்டார். "ஓம். தெரிஞ்ச பெடியன்தான்" என்றார்.

"பாவம், கலியாணமும் கட்டேல்லை. தமக்கை ஒஸ்ரேலியாவிலையாம், கூப்பிட இருந்தவவாம்..." என்று சொல்லிக்கொண்டே திரும்பிய அன்ரி, அம்மாவின் முகத்தைக் கண்டார். கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

எனக்கு மாமாவைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று விளங்கியது. அன்ரிதான் அழத் தொடங்கினார். "ஐயோ தங்கச்சி, எனக்குத் தெரியாதே, என்ரை நாக்கு அழுகிப்போகாதோ" என்று அம்மாவின் காலடியில் இருந்துவிட்டார். அம்மா அவரின் முதுகைத் தடவினார். செத்தது அன்ரியின் தம்பி மாதிரி அன்ரியைத் தேற்றினார்.

"அதுதான் மனிசன் மச்சம் சாப்பிடேல்லை" என்றார் அம்மா, தனக்குத்தானே சொல்வது மாதிரி. பிறகு, "அதுதான் கோயிலுக்கும் போகேல்லை."

வெளியில் அப்பாவின் குரல் கேட்டது. முருங்கையைப் பற்றி ஏதோ சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கண்களை அழுத்தித் துடைத்தார். "அக்கா, அவருக்குச் சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியக்கூடாதெண்டுதான் அந்த மனிசன் இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கு. தெரிஞ்சதெண்டு தெரிஞ்சா உடைஞ்சுபோடுவர். பிள்ளைக்கு ஏதும் நடந்தா, தன்னாலைதான் எண்டு சாகும்வரைக்கும் நினைப்பர்." பிறகு என்னைப் பார்த்தார். "நீயும்தான் பிள்ளை. அப்பாவுக்கும் இல்லை, அண்ணாவுக்கும் இல்லை. விளங்குதோ?"

எனக்கு வாயில் பூட்டு இல்லை என்று நினைத்தார் அல்லவா அப்பா? அன்றைக்கு அம்மா போட்டார் பூட்டு.

எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டு, பருப்பு விட்டார். "இவருக்கு வெக்கைக்கு மச்சம் ஒத்துவராது" என்று டொக்டருக்குச் சொன்னார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தப்பிவிட்டோம் என்று நினைத்தார், பாவி மனிதர்.

அங்கிருந்து வெளிக்கிட்ட அன்று, ஊர் மறைந்து கொஞ்ச நேரத்தில், "இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ" என்றார் அம்மா. நான் துவாயை எடுத்தேன். "அது போதாது" என்று சொல்லி மாமாவின் கட்டிலில் இருந்த நீலக்கோட்டு விரிப்பை உருவி எடுத்தார். ரோட்டை விட்டு நெடுந்தூரம் நடந்தோம். விரிப்பை இரண்டு கையாலும் அகலப் பிடிக்கச் சொன்னார். "திரும்பிப் பாக்காதை குஞ்சு" என்றார்.

நான் திரும்பவில்லை. சூடான காற்று விரிப்பைத் தள்ள, முகத்தில் இலையான் மொய்க்க, விரட்டக் கையில்லாமல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் அம்மா அழுதார். ஒப்பாரி இல்லை, வாய்விட்ட அழுகையும் இல்லை. மூச்சை இழுத்து இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்ரை ராசா, என்ரை ராசா" என்று. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பயந்து பயந்து அழுதார். பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தில் அது அப்பாவுக்குக் கேட்கவில்லை.

பாம் பாம் என்று ஹோர்ன் அடித்தது.

அம்மா முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்து, ஒரு கை மண்ணெடுத்துக் கையைத் தேய்த்துத் தட்டிவிட்டு, "வா" என்றார். பஸ்ஸில் ஏறியதும் அப்பா தன்னுடைய பகிடியைச் சொன்னார். அம்மா அவர் தோளில் குத்தினார்.

அதற்குப் பிறகு வழி முழுக்க "நிப்பாட்டுங்கோ"தான். சிவப்புக் கல்மலைக்குப் போகும்போதும் நிப்பாட்டினோம், வரும்போதும் நிப்பாட்டினோம். அந்த மலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகம் இருப்பது விரிப்பின் நீலக்கோடும், கையில் வந்த விறைப்பும், அந்த ஹோர்னும்தான்.

தங்கச்சி சித்திரையில் சுகமாகப் பிறந்தாள். அம்மா அந்த நீலக்கோட்டு விரிப்பில் அவளுக்கு ஏணை கட்டினார். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் எல்லாரும் வந்தார்கள். அம்மா மயங்கி விழுந்தால் தாங்கிப்பிடிக்க இரண்டு பக்கமும் அன்ரிமார் இருந்தார்கள். யாரோ சோடாவும் கையில் வைத்திருந்தார்கள். அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அம்மா "ஓம்" என்றார். தோளில் கிடந்த தங்கச்சியை மற்றத் தோளுக்கு மாற்றினார். அவ்வளவுதான். அழுது முடித்த அழுகையை அந்தச் சனத்துக்காக இன்னொருக்கா எங்கேயிருந்து எடுக்கிறது?

அன்றைக்குத் தொடங்கியது கதை. "தூக்கி வளர்த்த தம்பிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. கல்லு." கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் என் காதுபடவே சொன்னார்கள். உங்கள் அம்மாமாரும் சொல்லியிருப்பார்கள். நான் இதைக் கோபத்தில் சொல்லவில்லை, நடந்தது அதுதான். வெளியார் சொன்னால் போகட்டும். அப்பாவும் சொன்னார். சண்டை வந்தால் கடைசியில் அவருக்கு அது ஒன்றுதான் ஆயுதம். "சொந்தத் தம்பிக்கே அழாதவள், நீயோ எனக்கு அழப்போறாய்?" அம்மா பதில் சொன்னதே இல்லை. நான் வாயைத் திறக்கப்போனால் கண்ணாலேயே அடக்குவார்.

பஸ் கொஞ்சக் காலம் வீட்டு வாசலில் நின்று துருப்பிடித்தது. பிறகு கிப்ஸ்லாண்ட் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கோழி வளர்க்க வாங்கிக்கொண்டு போனார். மாமாவின் கட்டிலில் கோழிகள் முட்டையிட்டிருக்கும். ஜாம் போத்தல் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது.

அம்மா போன வருடம் போனார். அப்பாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. செத்தவீட்டில் அப்பா அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போட்டார், தேத்தண்ணி கிடைத்ததா என்று கேட்டுத் திரிந்தார். அடிலெயிட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று, இந்தத் தை மாதம் நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

பலராட் தாண்டியதும் "நிப்பாட்டு பிள்ளை" என்றார். நிறுத்தினேன். ஸ்ரோவலில் ஒரு தரம். அதற்கு அங்காலே ஒரு வெட்டைவெளியில் இன்னொரு தரம். வயது போன மனிதர், பாவம். வெயில் என்றபடியால் எஞ்சினை நிறுத்தாமல் இருந்தேன். பொல்லை ஊன்றிக்கொண்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போனார். போனவர் வரவில்லை. விழுந்துவிட்டாரோ என்று பயந்து, இருக்கிறேன் என்று காட்ட, ஹோர்னை இரண்டு தரம் தட்டினேன்.

மெல்ல மெல்ல வந்தார். ஏறி இருந்தார். கண் இரண்டும் சிவந்து, மூக்கு நனைந்திருந்தது. பெல்ட்டைப் பூட்டப்போன கை பாதியில் நின்றது. காரின் ஸ்ரியரிங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிள்ளை" என்றார். "உன்ரை அம்மாவுக்கு அப்பவே தெரியுமோ?"

அம்மா போட்ட பூட்டு என் வாயிலேயே கிடந்தது. ஆனால் அப்பாவின் அந்த முகத்துக்கு முன்னால் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஓம் அப்பா. டொக்டர் வீட்டிலை தெரிஞ்சது."

"அப்ப, ஒவ்வொருக்காலும் நிப்பாட்டச் சொன்னது?"

"ஓம்."

ரோட்டில் ஒரு பெரிய லொறி எங்களைத் தாண்டிப் போனது. கார் ஒருமுறை ஆடி நின்றது. அப்பா இரண்டு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஹோர்ன் அடிச்சனான் பிள்ளை" என்றார். "அவ அழுதுகொண்டு நிண்டவ. நான் ஹோர்ன் அடிச்சனான்."

நான் எஞ்சினை நிறுத்தினேன்.